அது உடைஞ்ச கிட்டார் இல்லீங்க, ஹெட்லெஸ் பேஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பழைய இசைக்கருவிகள் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கீழ் மூலையில இருந்த பெட்டிச் செய்தியப் பாத்ததும் திக்குன்னு ஆயிடுச்சு. படத்துல இருக்கறது 1980கள் காலத்து ஹெட்லெஸ் பேஸ் கிட்டார், அதாவது தலைப்பகுதி இல்லாமலே செஞ்ச, தாழ்ந்த சுரம் வாசிக்கற நாலு ஸ்ட்ரிங் (தந்தி) கிட்டார், அதுக்குக் கீழ தலை உடைஞ்ச கிட்டார்னு போட்டிருக்கு. சரி, படக்குறிப்பு எழுதறவங்க ஏதோ அவசரத்துல எழுதியிருப்பாங்கன்னு விட்டுடலாம். ஆனா செய்திக்குள்ளயே, இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் கிடைக்காது, சுவத்துல அழகுக்கு மாட்டிக்கலாம், வாசிச்சே ஆகணும்னா நுனியில ஓட்டை போட்டு சாதா ட்யூனர் (ஸ்ட்ரிங்க இறுக்கி சுருதி சேக்கற திருகு) வெச்சுக்கலாம்னு ஒரு யோசனை வேற சொல்லியிருக்கீங்க பாருங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர். யாராவது அதப் படிச்சுட்டு டிரில் மெஷின கையில எடுக்கறதுக்கு முன்னாடி இத போட்டுட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். நீளமா இருக்கு, தெரியும், வெட்டறதா இருந்தா வரலாற வெட்டுங்க, ரிப்பேர வெட்டாதீங்க.

தலை உடையல, முதல்லயே வெக்கல. நெட் ஸ்டைன்பெர்கர்னு ஒருத்தர், அடிப்படையில ஃபர்னிச்சர் டிசைன் பண்றவர், நியூயார்க் புரூக்ளின்ல ஒரு மரவேலைக் கூடத்துல இருந்தப்ப அங்கயே கிட்டார் செஞ்சுக்கிட்டிருந்த ஸ்டூவர்ட் ஸ்பெக்டருக்கு 1977ல ஒரு பேஸ் டிசைன் பண்ணிக் குடுத்தார். அதுல ஆரம்பிச்ச பைத்தியம். பேஸ மாட்டிக்கிட்டு நின்னு இடது கைய எடுத்தீங்கன்னா தலைப்பக்கம் தானா கீழ சாயும், வாசிக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச தொல்லை இது, நாலு பெரிய இரும்பு ட்யூனர் அந்த நுனியில தொங்கினா சாயாம என்ன பண்ணும். அவர் அந்த ட்யூனர் மொத்தத்தையும் உடம்புப் பக்கம், பிரிட்ஜுக்கு, அதாவது ஸ்ட்ரிங்க உடம்பு மேல தாங்கற உலோகத் துண்டுக்குப் பின்னாடி கொண்டு வந்துட்டார். அப்புறம் தலைக்கு வேலையே இல்லயே. 1980 வாக்குல எல்-2னு மாடல் வந்துச்சு, கழுத்தும் உடம்பும் மரத்துக்குப் பதிலா கார்பன் ஃபைபரும் எபாக்ஸி ரெசினும் சேந்தது, டைம் பத்திரிகை 1981ஆம் வருஷத்து சிறந்த டிசைன்கள்ல அதையும் ஒண்ணா சேத்துச்சு. ஸ்டிங், கெடி லீ, டோனி லெவின்னு பேஸ் வாசிக்கற பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கையில எடுத்தாங்க. அதப் பாத்து மத்த கம்பெனிங்களும், ஹோஹ்னர் மாதிரி, லைசென்ஸ் வாங்கி அதே உருவத்துல மரத்துல செஞ்சு விட்டாங்க. ஸ்டைன்பெர்கர் கம்பெனிய 1987ல கிப்சன்ங்கற கிட்டார் கம்பெனி வாங்கிடுச்சு. இன்னிக்குப் பழசா கைமாறி வர்றதுல கார்பன் ஒரிஜினல் கொஞ்சம், மரத்துல செஞ்சது நிறைய. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம ரிப்பேர்ல இறங்குனா சிக்கல்தான், அத அப்புறம் சொல்றேன்.

என்கிட்ட இருக்கறது மரத்துல செஞ்சது. எந்த கம்பெனின்னு வேண்டாம், தப்பு கம்பெனி மேல இல்ல. வாங்கும்போதே வித்தவர் நேர்மையா சொல்லிட்டார், ஈ ஸ்ட்ரிங் (நாலுல தடிச்சது) ட்யூன் ஆகாது, திறந்த ஸ்ட்ரிங் (விரல்ல அமுக்காம தட்டறது) கொரகொரங்கும், பேட்டரி நிக்காதுன்னு. மூணு வியாதி. முதல்ல ஒரு ரிப்பேர் ஆள்கிட்ட எடுத்துட்டுப் போனேன், அவர் ஒரு நிமிஷம் பாத்துட்டு ட்யூனர் போயிடுச்சு, மாத்து கிடைக்காது, நுனியில ஒரு மரத்துண்டு ஒட்டி நாலு ஓட்டை போட்டுடலாம்னாரு, அதாவது உங்க செய்தியில இருந்த அதே யோசனை. எனக்கு மனசு வரல, திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். அந்த ஒரு காரியம் மட்டும்தான் இந்தக் கதையில நான் புத்திசாலித்தனமா செஞ்சது, மத்ததெல்லாம் தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டது.

இதுல ட்யூனர் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சாலே பாதி பயம் போயிடும். சாதா பேஸ்ல ஸ்ட்ரிங்க ஒரு தண்டுல ரெண்டு மூணு சுத்து சுத்தி பல்சக்கரத்தால இறுக்குவாங்க. இதுல சுத்தறதே கிடையாது. ஸ்ட்ரிங்கோட ரெண்டு முனையிலயும் குட்டி உலோக உருண்டை இருக்கும், டபுள் பால்னு சொல்லுவாங்க, ஒரு உருண்டை கழுத்து நுனியில இருக்கற ஹெட்பீஸ்ல போய் உக்காரும், இன்னொண்ணு பின்னாடி ஜான்னு சொல்ற ஒரு கொக்கியில உக்காரும். பின்னால இருக்கற நாப (திருகுற குமிழ) திருப்பினா மரையாணி அந்த ஜாவ நேரா பின்பக்கமா இழுக்கும். அவ்ளோதான். சுத்து இல்லாததால தளர்றதுக்கு ஒண்ணுமில்ல, ஒரு தடவ ட்யூன் பண்ணா அப்படியே நிக்கும். ஆனா ஒரு விஷயம், ஜா நகர்றதுக்கு இருக்கற இடம் ரொம்பக் கொஞ்சம், அதனால ரெண்டு உருண்டைக்கும் நடுவுல ஸ்ட்ரிங் நீளம் சரியா இருந்தாத்தான் ஜா பின்னால போய் முட்டறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங் சுருதிக்கு வரும். ஈ ஸ்ட்ரிங்னா 41 ஹெர்ட்ஸ் சொச்சம், ஏ 55, டி 73, ஜி 98. நீளம் ஜாஸ்தியா இருந்தா 41க்கு வர்றதுக்குள்ள ஜா முட்டிக்கும், நாப் அதுக்கு மேல திரும்பாது, பாக்கறவங்க ட்யூனர் செத்துப்போச்சுன்னு சொல்லிடுவாங்க.

என்னோடதுல நடந்தது இதேதான். முன்னாடி வெச்சிருந்தவருக்கு டபுள் பால் ஸ்ட்ரிங் கிடைக்கல போல, சாதா ஸ்ட்ரிங்க வாங்கி மிச்சத்த வெட்டிட்டு, கரண்ட் வயர் இணைக்கிற பித்தளைத் துண்டு இருக்குல்ல, ஸ்க்ரூ வெச்சது, அத முனையில இறுக்கி உருண்டையா பாவிச்சு மாட்டியிருக்கார். ஜுகாடுதான், கிடைச்சத வெச்சு ஒப்பேத்தின வேலை, கை தட்டலாம், ஆனா பேஸ் ஸ்ட்ரிங் ஒண்ணொண்ணும் 20 கிலோ அளவுக்கு இழுக்கும், நாலும் சேந்தா 80 கிலோவுக்குப் பக்கத்துல வரும், அந்தத் துண்டு எப்படித் தாங்கும், கொஞ்சம் கொஞ்சமா வழுக்கிக்கிட்டே இருந்திருக்கு. அவர் சுருதி இறங்க இறங்க நாப இறுக்கிக்கிட்டே போயிருக்கார், கடைசியில ஜா முட்டி நின்னுடுச்சு. இதுல இன்னொரு கொடும, ஸ்ட்ரிங்க வெட்டறதுக்கு முன்னாடி மடக்காம நேரா வெட்டிட்டார், அதனால மேல சுத்துன கம்பி உள்கம்பியில இருந்து தளந்து, ஒலியே செத்துப்போயி டொக் டொக்னு கேட்டுச்சு. சாதா ஸ்ட்ரிங்தான் போட்டாகணும்னா அதுக்குன்னே ஸ்க்ரூ கிளாம்ப் வெச்ச ஹெட்பீஸ் இருக்கு, முனைய நல்லா மடக்கி, கிளாம்புல இறுக்கி, அதுக்கப்புறம்தான் மிச்சத்த வெட்டணும், இந்த வரிசைய மாத்தவே கூடாது. டபுள் பால் செட்டும் வழக்கொழிஞ்சு போகல, டடாரியோ, ரோட்டோசவுண்ட், லா பெல்லா எல்லாம் போடறாங்க. 34 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) பேஸுக்கானதான்னு மட்டும் பாத்து வாங்குங்க.

ஸ்ட்ரிங்க கழட்டிட்டு நாப திருப்பிப் பாத்தா அப்பவும் கடுசா இருந்துச்சு. கழட்டினேன், மரையில பழைய கிரீஸ் கருப்பா தார் மாதிரி காஞ்சு கிடக்கு. பித்தளை பிரஷ், கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி, ஒரு மணி நேர வேலை. நாப் பிரிட்ஜ் உடம்போட உரசற இடத்துல சின்ன வாஷர் இருக்கும், கழட்டும்போது அது எந்த வரிசையில இருந்துச்சுன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, நான் எடுக்கல, ரெண்டு தடவ மாத்தி மாட்டினேன். மரைக்கு லித்தியம் கிரீஸ் குச்சி நுனியில தொட்டு வெச்சா போதும், அள்ளிப் பூசினா தூசி ஒட்டி மறுபடி வேதாளம் முருங்கை மரம் ஏறிடும். மாட்டினதுக்கப்புறம் ரெண்டு விரல்ல திருப்ப வருது. செத்துப்போனதா சொன்ன அதே ட்யூனர்தாங்க.

அடுத்து அந்த கொரகொரப்பு. இங்கதான் வரிசை ரொம்ப முக்கியம், கழுத்தோட வளைவு முதல்ல, அப்புறம் ஜீரோ ஃப்ரெட் (ஃப்ரெட்னா கழுத்து மேல குறுக்க பதிச்ச கம்பி, ஜீரோ எதுன்னு அப்புறம் சொல்றேன்), அப்புறம் சாடில், அதாவது பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டோட உயரம், அப்புறம் இண்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சரியா நிக்கறது, கடைசியா பிக்கப், அதாவது ஸ்ட்ரிங்கோட அதிர்வ கரண்டா மாத்தற காந்தப் பெட்டி. ஏன்னா முன்னாடி இருக்கறத மாத்தினா பின்னாடி இருக்கறது எல்லாம் மாறும், நீங்க தலைகீழா ஆரம்பிச்சா ஒரே வேலைய நாலு தடவ செய்வீங்க. ஸ்ட்ரிங் முழு சுருதியில இருக்கும்போது முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்கிக்கிட்டு ஏழாவது எட்டாவது ஃப்ரெட்கிட்ட எவ்ளோ சந்து இருக்குன்னு ஃபீலர் கேஜ (சந்து அளக்கற மெல்லிய தகடு) வெச்சு பாருங்க, 0.25ல இருந்து 0.4 மிமீ வரைக்கும் இருந்தா நல்லது. என்னோடதுல சந்தே இல்ல, ஸ்ட்ரிங் ஃப்ரெட்ல படுத்துக் கிடந்துச்சு, அதாவது கழுத்து பின்பக்கமா வளைஞ்சிருக்கு. வருஷக்கணக்கா ஸ்ட்ரிங் இல்லாம, கழுத்துக்குள்ள வளைவ சரிபண்ற இரும்புக் கம்பி, ட்ரஸ் ராட், அது மட்டும் இறுக்கமா இருந்தா அப்படித்தான் ஆகும், எதிர்ல இழுக்க ஆளில்லையே. கால் சுத்து தளத்தினேன், ஒரு ராத்திரி விட்டேன், மறுநாள் இன்னொரு கால் சுத்து, அவ்ளோதான், முதல் அஞ்சு ஃப்ரெட்ல இருந்த கொரகொரப்பு போயிடுச்சு. ஒரே மூச்சுல முழு சுத்து சுத்தறவங்களுக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

இப்ப அந்த கார்பன் சமாச்சாரம். எல்-2, அதுக்கப்புறம் வந்த எக்ஸ்எல்-2 மாதிரி பழைய கார்பன் கழுத்துல ட்ரஸ் ராடே கிடையாது. இல்லாத ராட தேடி அங்க இங்க நோண்டி, மூடிய நெம்பி எடுக்கறேன்னு கீறல் போட்டவங்க உண்டு. அந்தக் கழுத்து ஈரம் வெயிலுக்கெல்லாம் அசையாது, வளைவு கொஞ்சம் மாறணும்னா ஸ்ட்ரிங் தடிமன மாத்திப் பாக்கலாம், அதுலயும் சரியாகலேன்னா ஃப்ரெட் லெவல் பண்றவங்ககிட்டதான் போகணும். இன்னொண்ணு, கார்பன நீங்களா அரம் போட்டுத் தேய்க்காதீங்க, அந்தத் தூசி மூச்சுக்குள்ள போனா நல்லதில்ல, தேய்ச்சே ஆகணும்னா மாஸ்க் இல்லாம கூடாது. மர பேஸுக்குப் பழகின கைய அப்படியே கார்பன்ல வெக்கக் கூடாதுன்னு சொல்றேன்.

ட்ரஸ் ராட் சரி பண்ணதுக்கப்புறமும் ஈ ஸ்ட்ரிங்க திறந்து தட்டினா மட்டும் ங்ஙிர்னு ஒரு சத்தம், எந்த ஃப்ரெட்ல அமுக்கினாலும் சுத்தமா இருக்கு. திறந்தா மட்டும் கொரகொரப்புன்னா சந்தேகமே வேண்டாம், ஜீரோ ஃப்ரெட்தான். நிறைய ஹெட்லெஸ் பேஸ்ல நட்டுக்குப் (சாதா கிட்டார்ல கழுத்து நுனியில ஸ்ட்ரிங்க தாங்கற கட்டை) பதிலா ஹெட்பீஸ ஒட்டி ஒரு ஃப்ரெட் இருக்கும், ஸ்ட்ரிங் எப்பவும் அது மேலயே படுத்திருக்கும், 35, 40 வருஷம் அங்கயே அழுத்தி அழுத்தி பள்ளம் விழுந்திருக்கு, ஸ்ட்ரிங் பள்ளத்துல இறங்கி முதல் ஃப்ரெட்ட தொடுது. லென்ஸ் வெச்சுப் பாத்தா நாலு கோடு தெளிவாத் தெரியுது. இத அரத்தால தேய்ச்சு சமமாக்கிடலாம்னு தோணும், நானும் நினைச்சேன், தேய்ச்சா அது இன்னும் தாழ்ந்து நாலு ஸ்ட்ரிங்கும் சேந்து கொரகொரக்கும். ஜீரோ ஃப்ரெட் மத்த ஃப்ரெட்டுக்கு சமமா, இல்ல ஒரு மயிரிழை உசந்துதான் இருக்கணும். அதனால அத மாத்தினேன். சால்டரிங் அயர்ன ஃப்ரெட் மேல வெச்சு சூடு ஏத்தி, முனை தட்டையா தேய்ச்ச கட்டிங் பிளேயரால ஓரத்துல இருந்து மெதுவா, மெதுவான்னா நிஜமாவே மெதுவா, மரம் பேந்து வராம கிளப்பணும். புதுக் கம்பிய கொஞ்சம் உயரமானதா எடுத்து, லேசா வளைச்சு, ரப்பர் சுத்தியால தட்டி உக்கார வெச்சு, ஓரத்த அரம் போட்டு மழுங்க வெச்சேன். கை நடுங்கிச்சுங்க, இல்லேன்னு சொல்ல மாட்டேன். இந்த ஒரு வேலைய மட்டும் தைரியம் இல்லாதவங்க தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்துடறது நல்லது.

சாடில் பத்தி சொல்றதுக்கு முன்னாடி என் முட்டாள்தனத்த ஒத்துக்கணும். இந்த வகை பிரிட்ஜ்ல நாலு சாடிலும் பக்கம் பக்கமா ஒட்டி உக்காந்திருக்கும், பிரிட்ஜோட பக்கவாட்டுல ஒரே ஒரு ஸ்க்ரூ நாலையும் சேத்து நெருக்கிப் பிடிச்சிருக்கும். எனக்கு அது தெரியாது. சாடில் நகர மாட்டேங்குதேன்னு ஸ்க்ரூ டிரைவர வெச்சு தட்டிக்கிட்டு இருந்தேன் ஒரு சாயங்காலம் முழுக்க, துரு பிடிச்சிருக்குன்னு நினைச்சு எண்ணெய் வேற விட்டேன். அந்தப் பக்க ஸ்க்ரூவ அரை சுத்து தளத்தினதும் எல்லாம் வெண்ணெய் மாதிரி நகருது. தளத்தறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்க லூஸ் பண்ணிக்கோங்க, இல்லேன்னா இழுவையில சாடில் நழுவி நீங்க வெச்ச இடம் போயிடும். திரும்ப இறுக்கும்போது பலத்தக் காட்டாதீங்க, அசையாம நின்னா போதும். அல்லன் கீ இன்ச் அளவு, மிமீ அளவு ரெண்டும் வெச்சுக்கிட்டு எது ஆட்டமில்லாம கெட்டியா உக்காருதோ அத மட்டும் போடுங்க, கிட்டத்தட்ட சரியா இருக்கற கீயாலதான் அந்தக் குட்டி ஸ்க்ரூவோட மூலையெல்லாம் மழுங்கி வாழ்நாள் முழுக்க வெளிய வராமப் போகுது.

உயரம் அவங்கவங்க கைக்கு ஏத்தது. நான் 12வது ஃப்ரெட்ல ஈ ஸ்ட்ரிங்குக்கு 2.5 மிமீ, ஜிக்கு 2 மிமீ வெச்சிருக்கேன், ஓங்கித் தட்டறவங்க இன்னும் கொஞ்சம் ஏத்திக்கணும். இண்டோனேஷனுக்கு 12வது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (அமுக்காம லேசா தொட்டுத் தட்டினா வர்ற சுரம்) அதே ஃப்ரெட்ல அமுக்கி வாசிச்ச சுரத்தையும் சுருதி காட்டற ட்யூனர் மீட்டர்ல ஒப்பிட்டுப் பாக்கணும், அமுக்கினது ஏறி இருந்தா சாடில பின்னால தள்ளணும், இறங்கி இருந்தா முன்னால. புது ஸ்ட்ரிங் போட்டுதான் இதப் பண்ணணும், பழசுல பண்ணா வீண் வேலை.

மூணாவது வியாதி பேட்டரி, இது சிரிப்பா முடிஞ்சுது. ஆக்டிவ் பிக்கப், அதாவது பேட்டரியில ஓடற பிக்கப் உள்ள பேஸ்ல 9 வோல்ட் பேட்டரி இருக்கும், தனியா ஸ்விட்ச் கிடையாது, கேபிள் சொருகற ஸ்டீரியோ ஜாக்தான் ஸ்விட்ச், பிளக் உள்ள போனா பேட்டரியோட நெகட்டிவ் கிரவுண்டோட சேந்து கரண்ட் ஓடும், உருவினா நிக்கும். என் ஜாக்குல ஒரு தகடு வளைஞ்சு பக்கத்து தகட தொட்டுக்கிட்டே இருந்திருக்கு, கேபிள் இல்லாட்டியும் ராத்திரி பகலா பேட்டரி எரிஞ்சிருக்கு. மூக்கு பிளேயரால ஒரு சின்ன நெம்பு, அவ்ளோதான். கூடவே வால்யூம் நாப திருப்பினா முக்கால்வாசி ஒண்ணும் ஆகாது, கடைசியில திடீர்னு சத்தம் குபீர்னு வரும், ஸ்விட்ச் மாதிரி. திறந்து பாத்தா யாரோ 250 கிலோ ஓம் பாட் (நாபுக்கு அடியில இருக்கற வால்யூம் கன்ட்ரோல்) போட்டிருக்காங்க, அது பேட்டரி இல்லாத பாசிவ் பிக்கப்புக்கானது, ஈஎம்ஜி கம்பெனியோடது மாதிரி ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம் வேணும். மாத்தி சால்டர் வெச்சதும் சரியாயிடுச்சு. நீங்களும் வாசிச்சு முடிச்சா கேபிள உருவிடுங்க, நல்ல ஜாக்குலயும் சொருகியே விட்டா பேட்டரி தீந்துடும்.

இவ்ளோத்துக்கும் நான் புதுசா போட்டது ஒரு செட் ஸ்ட்ரிங், ஒரு ஃப்ரெட் கம்பி, ஒரு பாட், கொஞ்சம் கிரீஸ். ஓட்டை எதுவும் போடல. ஓட்டை போட்டிருந்தா நுனியில கனம் ஏறி, இது எதுக்காக உருவாச்சோ அதுவே போயிருக்கும், சாயற பேஸாத்தான் ஆகியிருக்கும், அதுவும் குட்டி உடம்பு வேற, இன்னும் மோசமா சாயும்.

கடைசியா, அந்தப் படத்துல இருக்கற பேஸுக்குச் சொந்தக்காரர் இதப் படிச்சார்னா அவருக்கு ஒரு வார்த்த. பேப்பர லென்ஸ் வெச்சுப் பாத்தேன், அச்சு மங்கலா இருந்தாலும் ஒண்ணு நல்லாவே தெரியுது, உங்க பேஸ்ல ஏ, டி, ஜி மூணோட ஜாவும் நடுவுல நிக்குது, ஈ ஸ்ட்ரிங்கோட ஜா மட்டும் பின்னால போய் நாப ஒட்டி முட்டிக்கிட்டு நிக்குது. ட்யூனர மாத்தறத பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி அந்த ஒரு ஸ்ட்ரிங்க மட்டும் கழட்டி, ரெண்டு உருண்டைக்கும் நடுவுல நீளத்த ஜி ஸ்ட்ரிங்கோட பக்கத்துல வெச்சு அளந்து பாருங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பர பின்பக்கத்துல இருந்து படிக்கிற ஒரு வாசகன்